அரிசிமாவும் கோதுமைமாவும்: திருகோணமலைத் துறைமுகப் பகுதியின் திருநாட் பலகாரங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு சமுதாயத்தின் வரலாற்றைக் கல்வெட்டுக்களிலும் செப்பேடுகளிலும் தேடுவது போலவே அதன் அடுக்களையிலும் தேடலாம். திருகோணமலையின் வரலாறு பெரும்பாலும் கோட்டையின் வரலாறாகவும் கடற்படைகளின் வரலாறாகவுமே எழுதப்பெற்று வந்துள்ளது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என நான்கு ஐரோப்பிய வல்லரசுகள் இத்துறைமுகத்துக்காகப் போரிட்டன. அவர்களுடைய கொடிகள் ஏறியதும் இறங்கியதும் ஆண்டுவாரியாகக் குறிக்கப்பட்டுள்ளன. அதே காலத்தில் துறைமுகத்தைச் சூழ்ந்த வீடுகளில் தைப்பொங்கலுக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் ஆடிப்பிறப்புக்கும் நோன்புப் பெருநாளுக்கும் நத்தாருக்கும் எம்மாவினாற் பலகாரம் செய்யப்பட்டது என்னும் வினா சிறியதாகத் தோன்றலாம். எனினும் அரசியல், வணிகம், போர் ஆகியன ஒரு குடும்பத்தின் அன்றாட வாழ்வினுள் எவ்வழியாகப் புகுந்தன என்பதை அவ்வினா தெளிவாகக் காட்டவல்லது. அரிசிமா பலகாரத்திலிருந்து எவ்வாறு பின்தள்ளப்பட்டது, அதனோடு எவ்வறிவு மறையும் நிலையில் உள்ளது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் நிலத்தை நோக்குதல் தகும். திருகோணமலைக் குடாவின் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நெல்வயல். தம்பலகாமம், கந்தளாய், கொட்டியாரம் ஆகிய பகுதிகள் தொன்றுதொட்டு நெல்விளைவுக்குப் பெயர்பெற்றவை. கந்தளாய்க் குளத்தையும் கோணேசர் ஆலயத்தையும் குளக்கோட்டனோடு தொடர்புபடுத்தும் மரபைக் கோணேசர் கல்வெட்டு என்னும் நூல் பேணி வைத்துள்ளது. குளமும் வயலும் கோயிலும் ஒரே அமைப்பின் உறுப்புக்களாக அம்மரபிற் காணப்படுகின்றன. வயலில் விளைந்த நெல்லே கோயிலிற் படையலாயிற்று. வீட்டில் திருநாட் பண்டமாயிற்று. அரிசியோடு தேங்காய், எள், பயறு, உளுந்து, பனங்கட்டி, தேன் ஆகியவை சேர்ந்தால் இப்பகுதியின் பழைய இனிப்புக்கள் அனைத்துக்கும் வேண்டிய பொருள்கள் நிறைவுறும்.

இப்பண்டங்களின் தொன்மைக்குத் தமிழிலக்கியம் சான்று பகர்கின்றது. சங்க இலக்கியமான மதுரைக்காஞ்சி அடையையும் மோதகத்தையும் அவற்றை விற்ற கூவியரையும் குறிப்பிடுகின்றது. கோதுமையைத் தமிழர் அறியாதிருந்தனர் என்று கொள்ளுதல் பொருந்தாது. ஒன்பான் தானியங்களுள் ஒன்றாக, ஞாயிற்றுக்குரிய தானியமாக, அது சடங்கில் இடம்பெற்றுள்ளது. ஆயின் சடங்கில் ஒரு பிடி தானியமாக இருந்த கோதுமை, மாவாகி அடுக்களையின் நடுவிடத்தைப் பிடித்தமை மிகப் பிற்பட்ட நிகழ்ச்சியாகும்.

அரிசிமாவுக்கும் கோதுமைமாவுக்கும் உள்ள வேறுபாடு சுவையளவில் நிற்பதன்று. கோதுமைமாவை நீர்விட்டுப் பிசையும்போது அதிலுள்ள புரதம் இழுபடும் பசையாக மாறுகின்றது. குளுட்டன் எனப்படும் இப்பசையே புளித்த மாவில் தோன்றும் காற்றைத் தன்னுள் அடக்கிப் பாணை உப்பச் செய்கின்றது. போறணையும் புளிப்பும் கோதுமையும் ஒன்றையொன்று சார்ந்து வளர்ந்தமைக்குக் காரணம் இதுவே. அரிசிமாவில் அப்பசை இல்லை. ஆகவே அதனை ஒன்றுசேர்த்துப் பிடிக்கச் செய்வதற்கு வேறு வழிகளைக் காணவேண்டியிருந்தது. மாவை வறுத்துக் கொதிநீர் விட்டுக் குழைத்தால் மாப்பொருள் வெந்து இளகிக் கொழுக்கட்டைக்கு ஏற்ற பதத்தை அடைகின்றது. அரியதரத்தில் சர்க்கரைப் பாகே மாவைப் பிணைக்கின்றது. முறுக்கில் உளுத்தம்மா அப்பணியைச் செய்கின்றது. ஆடிக்கூழிலும் தொதலிலும் தேங்காய்ப்பாலும் இனிப்பும் மாவோடு காய்ந்து இறுகுகின்றன. வறுத்தல், அவித்தல், பொரித்தல், பாகு காய்ச்சுதல் என்பன பசையில்லா மாவோடு பல தலைமுறைப் பெண்கள் பழகிக் கண்ட தீர்வுகள். பாகு ஒருகம்பிப் பதத்தில் இறக்கப்பட வேண்டுமா, இன்னும் சற்றுக் காய வேண்டுமா என்பதை விரல்நுனியால் அறியும் திறன் எந்த ஏட்டிலும் எழுதப்பட்டுப் பரவியதன்று. தாயிடமிருந்து மகளுக்குச் சென்றது.

இப்பகுதியோடு தொடர்புடைய ஐரோப்பியர் ஒருவரின் நூல் அரிசிப் பலகாரத்துக்கு அரியதொரு சான்றாக அமைந்துள்ளது. 1659ஆம் ஆண்டு புயலாற் பாய்மரம் இழந்த ஆங்கிலக் கப்பலொன்று அதனைச் செப்பனிடுவதற்காகக் கொட்டியாரக் குடாவை அடைந்தது. அக்கப்பலைச் சேர்ந்த இளைஞரான றொபேட் நொக்ஸ் 1660இல் கண்டியரசனின் ஆட்களாற் சிறைபிடிக்கப்பட்டு, 1679இலேயே தப்பிச் சென்றார். 1681இல் வெளிவந்த அவரது நூலில், அரிசிமாவும் கருப்பட்டியும் சேர்த்துச் செய்யப்படும் பணியாரம் விவரிக்கப்பட்டுள்ளது. ஒல்லாந்தர் முதலிற் கொழும்புக்கு வந்தபோது அரசன் அப்பணியாரத்தை அவர்களுக்கு விருந்தாக அனுப்பினான் என்றும், அவர்கள் அதனை வியந்து, இது மரத்திற் காய்ப்பதோ என வினவினர் என்றும் நாட்டு மக்கள் கூறக் கேட்டதை அவர் எழுதியுள்ளார். இக்கதை உண்மையோ புனைவோ, அதனைச் சொன்ன மக்களின் பெருமிதம் ஐயத்துக்கிடமற்றது. கோதுமைப் பாணுண்ணும் அந்நியர் அரிசிப் பணியாரத்தைக் கைத்திறனுக்கு அப்பாற்பட்டதென எண்ணினர் என்பதே அக்கதையின் உட்பொருள்.

போர்த்துக்கேயர் 1622இல் கோணேசர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களையும் கொண்டு கோட்டை கட்டினர். அவர்களுடைய ஆட்சி இங்கு நீடிக்கவில்லை. 1639இல் ஒல்லாந்தர் கோட்டையைக் கைப்பற்றினர். எனினும் இலங்கைத் தமிழில் அவர்களுடைய அடுக்களை இன்றும் ஒலிக்கின்றது. பாண், போறணை, விசுக்கோத்து, குசினி என்பன போர்த்துக்கேய மொழி தந்த சொற்கள். புதிய பொருள் வந்தபோது அதன் பெயரும் உடன்வந்தது என்பது மொழியியலாருக்குப் பழகிய செய்தி. இங்கு கருதத்தக்கது, இச்சொற்கள் அனைத்தும் கோதுமையையும் அதனை வேகவைக்கும் இடத்தையும் சார்ந்தவை என்பதாகும். கொழுக்கட்டை, மோதகம், அரியதரம், எள்ளுருண்டை முதலிய பண்டங்களின் பெயர்கள் மாறவில்லை. புதியது பழையதின் அருகே வந்து அமர்ந்ததேயன்றி அதன் இடத்தை அப்போது பறித்துக்கொள்ளவில்லை.

ஒல்லாந்தர் காலத்துக்குரியதெனக் கருதப்படும் கொக்கிஸ் இதனை இன்னும் தெளிவாக்குகின்றது. இப்பெயர் சிறு பலகாரத்தைக் குறிக்கும் ஒல்லாந்தச் சொல்லிலிருந்து வந்தது என்பர். நீண்ட பிடியுடைய பூவச்சைக் காய்ந்த எண்ணெயிற் சூடாக்கி, மாக்கரைசலில் தோய்த்து, மீண்டும் எண்ணெயில் அமிழ்த்துவது அதன் செய்முறை. ஐரோப்பாவில் இத்தகைய அச்சுப் பலகாரங்கள் கோதுமைமாவினாற் செய்யப்படுவன. இலங்கையிலோ அரிசிமாவும் கட்டித் தேங்காய்ப்பாலுமே அக்கரைசலாயின. சேரநாட்டுக் கிறித்தவர் நத்தாருக்குச் செய்யும் அச்சப்பமும் அரிசிமாவாலானதே. அச்சு கடல்கடந்து வந்தது. மா வயலிலிருந்து வந்தது. இன்று கொக்கிஸ் இல்லாத சித்திரைப் புத்தாண்டுத் தட்டைச் சிங்கள மக்கள் நினைத்துப் பார்க்கமாட்டார்கள். தமிழர் வீடுகளிலும் அச்சுப்பலகாரம் அயற்பண்டமாக எண்ணப்படுவதில்லை. இறக்குமதியான ஒரு கருவி உள்ளூர்ப் பொருளுக்குப் பணிந்து நடந்த காலம் அது.

துறைமுகப் பகுதியின் முஸ்லிம் மக்களது பெருநாட் பண்டங்களும் இவ்வுண்மையையே வலியுறுத்துகின்றன. கிண்ணியாவிலும் மூதூரிலும் நோன்புப் பெருநாளிற் பரிமாறப்படும் வட்டிலப்பம் முட்டை, தேங்காய்ப்பால், கருப்பட்டி, ஏலம் ஆகியவற்றால் ஆவியில் அவித்தெடுக்கப்படுவது. அதில் எம்மாவும் இல்லை. தொதல் அரிசிமாவையும் தேங்காய்ப்பாலையும் கருப்பட்டியையும் நெடுநேரம் கிண்டிப் பெறப்படுவது. இவ்விரு பண்டங்களையும் மலாய மக்களோடு தொடர்புபடுத்துவது வழக்கு. இவ்வாறு தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூவினத்தவரின் பழைய திருநாள் இனிப்புக்கள் கோதுமையின்றியே நிறைவுற்றன. அரசியலிற் பிரிந்து நிற்கும் மக்கள் பலகாரத் தட்டில் ஒரே நெல்லின் பிள்ளைகளாக இருந்தனர் எனலாம்.

இதற்கு விலக்காக அமைவது நத்தார்க் கேக். திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் வாழும் பறங்கியர் போர்த்துக்கேய வழிவந்த கிரியோல் மொழியைப் பேணி வந்தவர்கள். அவர்களிடமும் கத்தோலிக்கத் தமிழரிடமும் போறணைப் பண்டங்கள் திருநாட் சிறப்புப் பெற்றன. இலங்கையின் நத்தார்க் கேக்கில் ரவை, மரமுந்திரிகைப் பருப்பு, முட்டை, முந்திரிகை வற்றல், பூசணித் தோசி, பன்னீர் ஆகியன இடம்பெறும். ‘லவ் கேக்’ எனப்படுவதும் ரவையையும் மரமுந்திரிகைப் பருப்பையும் அடிப்படையாகக் கொண்டது. வீட்டிற் போறணை இல்லாதோர் சட்டியின் மூடிமேலும் தணலிட்டு, மேலும் கீழும் வெப்பம் படச் செய்து கேக்கை வேகவைத்தனர். அல்லது தட்டுக்களைப் பேக்கரிக்கு அனுப்பினர். ஐரோப்பியக் கேக்கிலும் உள்ளூர்க் கைப்பாகம் புகுந்தமைக்கு இதுவே சான்று. எனினும் கேக் ஆண்டுக்கொருமுறை வந்த விருந்தாளியாகவே நெடுங்காலம் இருந்தது.

1795இல் ஆங்கிலேயர் திருகோணமலையைக் கைப்பற்றினர். அவர்களுடைய கடற்படைத்தளம் 1957இல் இலங்கையரசிடம் ஒப்படைக்கப்படும்வரை இங்கு நிலைத்தது. கோதுமைமா பொதுமக்களின் உணவாக மாறியமைக்குத் தளத்தின் இருப்பு மட்டும் காரணமாகாது, போரே காரணமாயிற்று. 1942 மார்ச் மாதத்தில் யப்பானியர் இரங்கூனைக் கைப்பற்றியதும் பர்மா அரிசி இலங்கைக்கு வருவது நின்றது. அவ்வாண்டு ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அரிசி பங்கீட்டு முறைக்குட்பட்டது. அதன் குறையை நிரப்ப இறக்குமதிக் கோதுமைமா வழங்கப்பட்டது. இலங்கையிற் கோதுமை வணிகப் பயிராக விளைவதில்லை. எனவே ஒரு நாட்டின் அடிப்படை உணவில் ஒரு பகுதி அந்நாட்டில் விளையாத தானியத்தைச் சார்ந்து நிற்கும் நிலை அப்போது உருவாயிற்று. போர் முடிந்த பின்னரும் அந்நிலை நீங்கவில்லை. மிகுதித் தானியத்தை வளர்முக நாடுகளுக்கு வழங்க 1954இல் ஐக்கிய அமெரிக்கா இயற்றிய 480ஆம் இலக்கப் பொதுச்சட்டத்தின் கீழ் இலங்கையும் தானிய உதவி பெற்றது. 1973-74ஆம் ஆண்டுகளில் உலகச் சந்தையில் தானியமும் எண்ணெயும் விலையேறியபோது, விடியுமுன்னரே பாணுக்காக மக்கள் வரிசையில் நின்றனர். பாண் அற்றுப்போனால் வீடு பட்டினி கிடக்கும் என்ற நிலை ஒரே தலைமுறைக் காலத்தில் தோன்றியதென்பது சிந்தித்தற்குரியது.

இவ்வளர்ச்சியின் உச்சத்தைத் திருகோணமலையே கண்டது. சிங்கப்பூரைச் சேர்ந்த பிரீமா நிறுவனம் 1977இல் அரசோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி சீனன்குடாவில் நிறுவிய மாவாலை 1980இல் இயங்கத் தொடங்கியது. ஓரிடத்தில் அமைந்த மாவாலைகளுள் உலகிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்றாக அது கருதப்படுகின்றது. துறைமுகத்தின் இயற்கை ஆழம் கோதுமைக் கப்பல்களைக் கரையருகே கொணர உதவியது. குளக்கோட்டன் மரபு பேசும் நெல்நிலத்தின் வாயிலிலேயே நாடு முழுவதற்குமான கோதுமை அரைபடத் தொடங்கியமை வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

இம்மாற்றத்தைப் பழிசொல்லி ஒதுக்குவது எளிது; அது நேர்மையான ஆய்வாகாது. அரிசிமா பெறுவதற்கு அரிசியை ஊறவைத்து, வடித்து, உரலில் இடித்து, அரித்து, கப்பியை மீண்டும் இடித்து, பின் வறுக்க வேண்டும். அவ்வுழைப்பு முழுவதும் பெண்களின் தோளிலேயே விழுந்தது. கடையில் நிறுத்து வாங்கக்கூடிய கோதுமைமா உலக்கை பிடித்த கைகளுக்கு ஓய்வளித்தது. அரச மானியத்தால் அது மலிவாகவும் கிடைத்தது. அதனை ஏற்ற பெண்கள் மரபை மறந்தவர்களல்லர். கிடைத்ததைக் கொண்டு மரபைக் காக்க முயன்றவர்கள்.

அம்முயற்சியின் சிறந்த சான்று கோதுமைமாவை அவிக்கும் வழக்கமாகும். இலங்கைத் தமிழ்ப் பெண்கள் கோதுமைமாவைத் துணியிற் பொதிந்து நீராவியில் அவித்து, கட்டிகளை உதிர்த்து, அரித்தெடுத்து, அம்மாவிலே பிட்டும் இடியப்பமும் முறுக்கும் செய்கின்றனர். அவித்தலால் புரதம் இறுகி அதன் இழுபடும் தன்மை கெடுகின்றது. பேக்கரிக்காரர் பெரிதும் வேண்டுகின்ற பசையை இவர்கள் வேண்டாமென அழித்து, கோதுமையை அரிசியைப் போல் நடக்கச் செய்தனர். வேதியியல் நூலெதுவும் கற்பிக்காத இவ்வுத்தி அரிசிப் பண்பாட்டின் அறிவு எத்துணை உறுதியாக இருந்தது என்பதைக் காட்டுகின்றது. மா மாறியது, கை மாறவில்லை.

ஆனால் கையையும் தளரச் செய்த காலம் பின்னர் வந்தது. 1983க்குப் பிற்பட்ட போர்க்காலத்தில் திருகோணமலை மாவட்டத்து மக்கள் பலமுறை இடம்பெயர்ந்தனர். 2004 டிசம்பர் 26ஆம் நாள், நத்தாருக்கு மறுநாள், ஆழிப்பேரலை கரையோர ஊர்களை அழித்தது. 2006 ஏப்ரல் 12ஆம் நாள், சித்திரைப் புத்தாண்டுக்கு இரு நாட்களே இருந்தபோது, நகரின் மரக்கறிச் சந்தையிற் குண்டு வெடித்தது. அதைத் தொடர்ந்த வன்செயல்களில் உயிர்கள் பறிபோயின. கடைகளும் வீடுகளும் எரிந்தன. இழவு வீட்டில் திருநாளுக்கு எண்ணெய்ச்சட்டி வைப்பதில்லை என்பது தமிழர் வழக்கம். எண்ணெய்ச்சட்டி ஏறவேண்டிய நாட்கள் அவ்வாண்டு இழவுக்குரிய நாட்களாயின. அதே ஆண்டில் மூதூர், சம்பூர்ப் பகுதி மக்கள் பெருந்தொகையினராக ஊரைவிட்டு நீங்கினர். இடம்பெயர்ந்தோர்க்கு வழங்கப்பட்ட உலர் உணவில் அரிசி, பருப்பு, சீனி, எண்ணெய் என்பவற்றோடு கோதுமைமாவும் இருந்தது. கூடாரத்தில் உரல் இல்லை. பாகு பதம் சொல்லும் முதியவள் வேறொரு முகாமில் இருந்திருக்கலாம். பலகாரச் சூட்டுக்கு அயற்பெண்கள் கூடும் முற்றம் இல்லாதபோது அறிவு கைமாறும் இடமும் இல்லாமற் போகின்றது.

இவ்வறிவின் பயன் மருத்துவத்துறையில் இன்று புதிய முக்கியத்துவம் பெற்றுள்ளது. கோதுமை, வாற்கோதுமை, றை ஆகிய தானியங்களின் குளுட்டன் சிலரது சிறுகுடலைப் பழுதாக்கி, உடல் மெலிவையும் இரத்தச்சோகையையும் விளைக்கின்றது. சீலியாக் எனப்படும் இந்நோய்க்குக் கோதுமையே காரணமென நிறுவியவர் ஒல்லாந்தக் குழந்தை மருத்துவர் வில்லெம் காறல் டிக்கெ ஆவார். போருக்கு முன்னரே இதனை ஐயுற்றிருந்த அவருக்கு 1944-45ஆம் ஆண்டுப் பட்டினிக் குளிர்காலம் வலுவான ஆதாரம் தந்தது. பாண் கிடைக்காத அக்காலத்தில் நோயுற்ற குழந்தைகள் தேறினர். பாண் மீண்டும் வந்தபோது நலிந்தனர். 1950இல் அவரது ஆய்வேடு உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அளிக்கப்பட்டது. ஒரே உலகப்போர் ஒல்லாந்திலிருந்து கோதுமையை நீக்கி அதன் தீங்கை வெளிப்படுத்தியது. இலங்கையில் அரிசியைக் குறைத்துக் கோதுமையை நிலைபெறச் செய்தது. உலக மக்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கு இந்நோய் உள்ளதென்பர். கோதுமையுண்ணும் வட இந்தியாவைவிட அரிசியுண்ணும் தென்னிந்தியாவில் இது மிகக் குறைவாகக் காணப்படுகின்றது. எனினும் நோயுற்ற ஒருவருக்கு விழுக்காட்டுக் கணக்கு ஆறுதலாகாது. வாழ்நாள் முழுவதும் கோதுமையை விலக்குவதே அவருக்குரிய மருத்துவம்.

அத்தகைய ஒருவர் திருநாளன்று அயல்வீட்டுக்குச் சென்றால் நேரும் இடர் சிறிதன்று. நீட்டிய பலகாரத் தட்டை மறுத்தல் நம்மவரிடையே உறவை மறுத்தலாகும். எள்ளுருண்டை, அரிசிமா மோதகம், பாற்பொங்கல், ஆடிக்கூழ், வட்டிலப்பம், தொதல் ஆகியன பழைய முறைப்படி செய்யப்பட்டிருப்பின் அவருக்கு ஏற்றவையே. பயற்றம்பணியாரத்தின் உள்ளீடு பயறாயினும், அதனைத் தோய்க்கும் கரைசலிற் கோதுமைமா சேர்வதுண்டு. பனங்காய்ப் பணியாரத்திலும் அவ்வாறே. ரவையும் கோதுமையே. முறுக்குக்கு இடும் கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமைமா கலந்திருக்கலாம். கோதுமை அரைத்த ஆலையில் அரைத்த அரிசிமாவும், கோதுமைப் பண்டம் பொரித்த எண்ணெயும் அவருக்கு ஆகா. மாவை அவிப்பதால் பசை கெடுமேயன்றி நோய் செய்யும் புரதம் நீங்குவதில்லை. மேலைநாடுகளில் ‘குளுட்டன் அற்றது’ எனப் பெயரிட்டு உயர்ந்த விலைக்கு விற்கப்படும் இனிப்புக்களுக்கு ஈடானவை இங்கு எப்பெயருமின்றி இருந்தன. இன்று அவற்றுள் எது அரிசி, எது கோதுமை எனச் செய்தவரே சொன்னாலன்றி அறியமுடியாது.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இன்னொரு பாடத்தையும் புகட்டியது. அந்நியச் செலாவணி வற்றியபோது கோதுமைமாவின் விலை பன்மடங்காக உயர்ந்தது. பேக்கரிகள் பல மூடப்பட்டன. நாட்டில் விளையாத தானியத்தில் ஊன்றிய உணவுப்பழக்கம் எத்துணை நொய்மையானது என்பதை 1973க்குப் பின் மீண்டும் ஒருமுறை மக்கள் உணர்ந்தனர். நெல்விளைவும் அவ்வாண்டு உரத் தட்டுப்பாட்டினாற் பாதிப்புற்றது என்பதையும் மறைத்தலாகாது. எனினும் உரம் கிடைத்தால் வயல் மீண்டும் விளையும். சீனன்குடா ஆலைக்கோ கப்பல் வந்தாகவேண்டும்.

மேற்கூறியவற்றால் ஓருண்மை பெறப்படுகின்றது. ஐரோப்பிய ஆட்சிகள் மூன்று நூற்றாண்டுகளாகச் சொல்லையும் கருவியையும் கேக்கையும் தந்தும் திருநாட் பலகாரத்தின் மாவை மாற்ற இயலவில்லை. பங்கீடும் இறக்குமதியும் இடப்பெயர்வும் சேர்ந்து சில பத்தாண்டுகளில் அதனைச் செய்துமுடித்தன. உரலுக்கு மீள்வது தேவையுமன்று, நியாயமுமன்று. அரைக்கும் இயந்திரம் ஊர்தோறும் உள்ளது. வேண்டப்படுவது, மாவை எவ்வளவு வறுப்பது, நீர் எக்கொதியில் விடுவது, பாகை எப்பதத்தில் இறக்குவது என்னும் அறிவை அதனை உடைய முதிய பெண்கள் வாழும்போதே கேட்டெழுதி வைத்தலாகும். தம்பலகாமத்திலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் பறங்கியர் வாழும் தெருக்களிலும் அப்பணியை மேற்கொள்வதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. வரலாறும் தமிழும் பயிலும் மாணவர்க்கு அது தக்கதொரு களஆய்வாகும். கோணேசர் கல்வெட்டு, கோயிற்றொண்டுகளை எழுதிவைத்தமையாலேயே அவை இன்று அறியப்படுகின்றன. அடுக்களையின் தொண்டுக்கும் அத்தகைய ஏடொன்று எழுதப்படுமாயின், திருநாளன்று தட்டை நீட்டும் கை “இது அரிசிமா, நம்பி உண்ணலாம்” என்று சொல்லவல்ல நிலை இம்மாவட்டத்தில் நிலைபெறும்.